வாங்க வராதவரின் செருப்பு

அமானுஷ்யம் என்று யாராவது ஆரம்பித்தால், "எத்தனை மணிக்கு, கூட யார் இருந்தார்கள்?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவேன். முப்பது வருடம் பத்திரிகையில் செய்தி திருத்தியவள். நீங்களும் அதையே என்னிடம் கேட்கலாம். பகல் பதினொரு மணி, கூட இரண்டு பேர்.

தாராவியில் மூடிப்போன தொழுநோய் கிளினிக் ஒன்றின் சாமான்களை வைத்து, அந்தக் காலத்தில் வைத்தியம் எப்படி நடந்தது என்று காட்ட ஓர் அறை தயாராகிக்கொண்டிருந்தது. பொருள்களுக்குக் குறிப்பு எழுத செம்பூரிலிருந்து போய்வந்தேன். ஊசிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. உணர்ச்சி போன பாதம் புண்ணாகாமலிருக்க அளவெடுத்துச் செய்தது, ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. கூடவே நோயாளியின் அட்டை. இடது பாதத்தின் கோட்டுப் படத்தில் மூன்றே விரல். கீழே, "உரியவர் வாங்க வரவில்லை" என்று இருந்தது. அதை அப்படியே குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

உரியவரின் மகள் முத்துலட்சுமி அதே தெருவில்தான் இருக்கிறார். அவருக்கு இரண்டு வயதிருக்கும்போது காணாமல் போனவர் அப்பா. பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடியவர் என்றே அக்கம்பக்கம் பேசியிருக்கிறது.

"ஓடுதவரு எதுக்கும்மா செருப்புக்கு அளவு குடுப்பாரு? அந்த வரிய எடுத்துருங்க."

"ஆதாரம் இல்லாம எடுக்க மாட்டேம்மா. அவர் போட்டு நடந்திருந்தா செருப்புல தெரியும்."

பக்கத்துப் பட்டறையில் செருப்புத் தைக்கும் காசிம் பாயைக் கூப்பிட்டேன். நகத்தால் அழுத்திப் பார்த்தார். ரப்பர் கல்லாக இறுகியிருந்தது.

"ஒரு நாள் கூட போடலக்கா. பக்கா புது மால்."

முத்துலட்சுமி இரண்டு செருப்பையும் முந்தானையால் துடைத்து வைத்தார். நான் படம் எடுத்தேன், கனம் அளந்தேன், எங்கு அளந்தாலும் பன்னிரண்டு மில்லிமீட்டர். பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி என் பையில்.

அது திங்கள். புதன் காலை திறந்தபோது, நம்பினால் நம்புங்கள், இடது செருப்பில் மூன்று விரல்களின் பள்ளம், குதிகால் ஒன்பது மில்லிமீட்டர். வெக்கை என்று நினைத்தேன், யாரோ மாற்றி வைத்தார்கள் என்று நினைத்தேன், படத்தை வைத்து ஒவ்வொரு தையலாக ஒப்பிட்டேன், அதே செருப்புதான். விடவில்லை. வலது செருப்பின் நடுவில் இரும்பு எடைக்கற்களை ஏற்றி மறுநாள்வரை வைத்தேன். அந்த இடத்தில் ஒரு பள்ளம்கூட விழவில்லை.

காசிம் பாய் மறுபடி வந்தார். முத்துலட்சுமியும் வந்து வாசலிலேயே நின்றார்.

"அன்னைக்குக் காட்டினது எங்கக்கா?"

"இதுதான் பாய்."

"கிண்டல் பண்ணாதீங்க. இது ஆறு மாசம் நடந்த செருப்பு."

படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது செருப்பைத் திருப்பி, வெளி ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"பாரம் ஒரு பக்கமா ஏறியிருக்கு. இடுப்புல புள்ளைய வச்சிட்டு நடந்தா இப்படித்தான் தேயும்."

"எந்த இடுப்புல?" என்று முத்துலட்சுமி கேட்டார்.

"இடது."

அவர் உள்ளே வந்து, இடது செருப்பை முந்தானையால் துடைத்து வைத்தார்.

குறிப்பிலிருந்து அந்த வரியை அன்றே நீக்கினேன். என்ன ஆதாரம் என்று யாராவது கேட்டால் காட்ட என்னிடம் அளவுகள் மட்டும்தான் உண்டு. அறை இன்னும் திறக்கப்படவில்லை, பீரோவை என்னைத் தவிர யாரும் தொடுவதில்லை. மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதிவைக்கிறேன். போன வாரமும் அளந்தேன். குதிகால் ஆறு மில்லிமீட்டர்.