ஆதம்பாவா காக்காவின் ஆறிப்போன தேத்தண்ணி

மூன்று கிழமைக்கு முந்திய ஒரு காலை... குளித்துவிட்டு ஹோலுக்கு வந்தால், சோபா செட்டைக் காணவில்லை.

பெரியது, சிறியது எல்லாமே போயிருந்தன. அது இருந்த இடத்தில், வெறும் நிலத்தில், எங்கள் வீட்டுக்காரர் சம்மணம் கட்டிப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார்.

"சோபா எங்க?"

"முன் வீட்டுக்குப் போயிட்டு."

"எப்ப வரும்?"

"ஆராய்ச்சி முடிஞ்சா வருமாம்" என்றார், விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டியபடி.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். கல்முனைப் பக்கத்துக் கடற்கரை ஊர் எங்களுடையது. எங்கள் ஒழுங்கையில், அதாவது சந்தில், யார் வீட்டுக்கு வெளியாட்கள் வந்தாலும், அந்த வீட்டை ஒழுங்கையே சேர்ந்து அலங்கரித்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்களா? ஒரு வீட்டிலிருந்து திரைச்சீலை, இன்னொரு வீட்டிலிருந்து கண்ணாடிக் கோப்பை. கட்டாரிலிருந்து சொந்தக்காரர் வருகிறாரா? மின்விசிறி கிளம்பும். என் சோபா போகாத கலியாணப் பேச்சு இங்கே இல்லை. என்னைவிட அதற்குத்தான் அழைப்பு அதிகம்.

ஆனால் ஆராய்ச்சிக்கு சோபா போவது அதுதான் முதல் தடவை.

முன் வீடு லைலா ராத்தாவுடையது (எங்களுக்கு அக்கா ராத்தா, அண்ணன் காக்கா). அவருடைய கணவர் ஆதம்பாவா காக்கா, ஆழ்கடல் படகில் போய்வந்த மனிதர். சீனி வருத்தம் முற்றி, ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. டொய்லட் வீட்டுக்குப் பின்னால், பின் வளவின் கடைசியில் இருக்கிறது. இடையில் கால் புதைகிற மணல், சக்கர நாற்காலி இரண்டு முழம்கூட உருளாது. ஆகவே, காக்காவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, கதிரையோடு தூக்கிக்கொண்டு போவார்கள்.

தூக்குகிறவர்கள் பக்கத்து வீட்டு பரீதாவின் இரண்டு மருமகன்மார். எங்களூரில் மாப்பிள்ளைமார் பெண் வீட்டோடு வந்துவிடுவார்கள் அல்லவா, அதில் இப்படியும் ஒரு நன்மை. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார்கள். முகம் சுளிக்கவே மாட்டார்கள். ஒழுங்கைக்கே அதில் கொஞ்சம் பெருமை.

கொழும்பிலிருந்து ஏதோ ஓர் ஆய்வுக் குழு வந்திருந்தது. உடல் இயலாதவர்கள், முதியவர்கள், துணையற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். மிகவும் கஷ்டப்படுகிறவர்களுக்கு, படுக்கை அறையை ஒட்டிக் கைப்பிடி வைத்த டொய்லட் கட்டித்தரப் பரிந்துரைப்பார்கள். லைலா ராத்தாவுக்கு அது கிடைத்தாக வேண்டும். அது ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும்.

தெரிந்துகொண்டே சோபாவையும் தூக்கிக்கொண்டு போனார்கள்!

நான் பாய்ந்து போய்க் கேட்டேன். "ராத்தா, உங்களுக்கென்ன பைத்தியமா? இல்லாத வீட்டைப் பார்க்க வாறாக்களுக்கு இருக்கிற வீட்டைக் காட்டினா மறுகா யாரு தருவாங்க?"

ராத்தா என் குஷனைத் தட்டிச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "கேட்டு வாங்குறது வேற புள்ள. ஊடு வெறுமையா இரிக்க ஒரு குமர்ப்புள்ளய உள்ளுக்கு எடுக்கிறது வேற."

என் சோபாவிலேயே ஒரு விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டேன்.

வந்தது துளசி என்ற பிள்ளை. யாழ்ப்பாணம். கையில் தொடுதிரை டெப் ஒன்று. நல்ல மரியாதை, வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது. கண்ணை ஒரு சுற்றுச் சுற்றியது. சோபா, மின்விசிறி, திரைச்சீலை... மூலையில் பரீதா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி வேறு! அதற்கு மின்சாரம் கொடுக்க வயர் எட்டவில்லை. பரீதாவின் பாரை மீன் உள்ளேயே இருந்து, மெல்ல மெல்ல வாசம் விடத் தொடங்கியிருந்தது.

பிள்ளை ஒவ்வொன்றாகத் திரையில் தட்டியது.

"அம்மா, உங்களின்ர வாழ்க்கையில நீங்கள் எவ்வளவு திருப்தியா இருக்கிறியள்? மிகவும் திருப்தி, ஓரளவு திருப்தி, திருப்தியில்லை..."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ராத்தா.

இறைவனுக்கே புகழ் என்பதைப் பிள்ளை "மிகவும் திருப்தி" என்று தட்டியது.

"சாப்பாட்டுக்கு எப்பவாவது கஷ்டப்பட்டிருக்கிறியளோ?"

சரியாக அந்த நேரம் பார்த்து, பரீதா வட்டிலப்பத் தட்டோடு உள்ளே வந்தாள். பிள்ளை தட்டைப் பார்த்தது. பிறகு அதையும் திரையில் தட்டியது.

"ஐயா, டொய்லட்டுக்குப் போறதுக்குக் கஷ்டம் இருக்கோ?"

காக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பெண்பிள்ளை ஒன்று இதைக் கேட்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "ஒரு கஷ்டமும் இல்ல மகள். தூக்கிறதுக்கு ஆள் இரிக்கி."

"ஓம், எங்கட மருமகன்மார்தான்" என்றாள் பரீதா, கேட்காமலே.

கண் முன்னால் ஒரு டொய்லட் இடிந்துகொண்டிருக்கிறது, கட்டுவதற்கு முன்பே! வாயைத் திறந்தேன். ராத்தா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள்... நாங்கள் சுகம் விசாரிப்பதே அப்படித்தானே? "சுகமா இரிக்கீங்கதானே? ஒரு குறையும் இல்லதானே?" பதிலையும் நாமே கையில் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறோம். அதற்குப் பிறகு "இல்லை, குறைதான்" என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

கேள்விகள் முடிந்தன. பிள்ளை டெப்பை மூடிப் பையில் வைத்தது. தேத்தண்ணி வந்தது, பரீதா வீட்டுத் தங்கக் கரைக் கோப்பைகளில். "இது காக்காக்கு, சீனி இல்ல" என்று ஒன்றை அவர் முன்னால் வைத்தார் ராத்தா. எல்லோரும் குடித்தோம். காக்கா கோப்பையை எடுத்தார், உதட்டில் வைத்தார், அப்படியே திரும்ப வைத்துவிட்டார்.

பிள்ளை அதைக் கண்டுவிட்டது.

"ஏன் ஐயா, நீங்கள் தேத்தண்ணி குடிக்கேல்லை?"

டெப்பில் இல்லாத கேள்வி.

"சீனி வருத்தம் மகள்" என்றார் காக்கா.

"சீனி போடாததுதானே ஐயா?"

காக்கா தேத்தண்ணியை விட்டுக் கனகாலம். வருத்தத்தால் விட்டுவிட்டார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒழுங்கை முழுவதும் அப்படித்தான் நினைத்திருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், "தேத்தண்ணிய உட்டுட்டீங்கதானே?" என்றுதான் கேட்டிருப்போம்.

லைலா ராத்தா முந்தானையால் வாயைப் பொத்தினார். பொத்தியும் அழுகை வந்துவிட்டது.

"தண்ணியும் குடிக்கிற இல்ல மகள். குடிச்சா ஆளக் கூப்பிடணும். கூப்பிட்டா அந்தப் புள்ளயள் தின்ற சோத்தையும் வெச்சிட்டு ஓடி வருவாங்க. அதுக்காக... இந்த வெயிலுக்க தாகத்தோட கிடக்காரு மகள். நான் கெஞ்சியும் பாத்திட்டன்."

"லைலா, போதும்" என்றார் காக்கா. பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "தூக்குற ரெண்டு பேரும் தங்கமான புள்ளயள். அதுதான் கஷ்டம். கெட்ட புள்ளயளா இருந்தா கூசாமக் கூப்பிடுவன்."

ஜன்னலுக்கு வெளியே அந்தத் தங்கமான இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். சோபாவைத் திருப்பிக் கொண்டுபோக வந்தவர்கள். இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

துளசி டெப்பைத் திரும்ப எடுத்தது. முந்திய பதில்களை மாற்ற டெப் விடவில்லை. கடைசியில் "வேறு அவதானிப்புகள்" என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். அதற்குள் எழுதத் தொடங்கியது. எழுதும்போதே தலையை உயர்த்தாமல் கேட்டது: "இந்த சோபா...?"

"என்ட" என்றேன்.

அவ்வளவுதான். மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. மின்விசிறி மூலை வீட்டு ஆசிரியருடையது. திரைச்சீலை அவர் மச்சினியுடையது. "மகள், ஃபிரிட்ஜ் எங்கட, மீனும் எங்கட" என்று பரீதா மூக்கைச் சிந்தினாள். பத்து நிமிடத்தில், சோபாவைத் தவிர, வீடு தன் உண்மையான நிலைக்கு வந்துவிட்டது. லைலா ராத்தா நடுவில் ஒரு பழைய பாயோடு நின்றார். பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் அவர் தலை குனியவில்லை.

காக்கா என்ன செய்தார் தெரியுமா? ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து, ஒரே இழுவையில் குடித்தார். "வந்த புள்ள கேட்டதுக்காகக் குடிச்ச" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, மருமகன்மார் இருவரும் கடைசியாகத் தூக்கிய சோபாவைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அவரைப் பின் வளவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை. எங்களுக்கு என்ன குறை? ஒரு சோபாவை ஒழுங்கைக்குக் குறுக்கே தூக்க ஆள் இருக்கிறது. ஒரு மனிதனை மணலுக்குக் குறுக்கே தூக்கவும் ஆள் இருக்கிறது. தூக்காமல் இருப்பதற்கு ஒரு வழி செய்யலாமே என்றுதான் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் உதவியெல்லாம் விருந்தாளியின் கண் எட்டும் தூரம்வரை போகும். பின் வளவு அதற்குக் கொஞ்சம் தூரம்.

ஆய்வுக் குழுவிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அந்தப் பிள்ளை எழுதியது எந்த மேசையில் இருக்கிறதோ தெரியாது. நல்லதே நடக்கட்டும்.

ஆனால் மருமகன்மாரில் மூத்தவர் மேசன். அடுத்த வெள்ளி, ஜும்ஆ முடிந்து வந்தவர் யாரிடமும் எதுவும் சொல்லாமல் காக்காவின் அறைச் சுவரை உடைக்கத் தொடங்கினார். லைலா ராத்தா பதறி ஓடி வந்து, "என்ன மகன் இது?" என்று கேட்டாராம். "நாங்க கூப்பிட்டா வருவம் மாமி. கூப்பிடாம இரிக்கத்தான் இது" என்றாராம். ஆளுக்கொன்றாகச் சாமான் வந்தது. கைப்பிடிக்குக் குழாய், நிலத்துக்கு வழுக்காத ஓடு. கதவு மட்டும் இன்னும் வரவில்லை. அதுவரை என் வீட்டுத் திரைச்சீலை தொங்குகிறது. அது திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கில்லை.

காக்கா இப்போது கைப்பிடியைப் பிடித்துத் தானே போய் வருகிறார். காலையில் தேத்தண்ணி, பத்து மணிக்குத் தேத்தண்ணி, அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணி. நேற்றுப் பின்னேரம் நான் போனபோதும் ஒன்று கையில் இருந்தது.

"சீனி போடாததுதானே காக்கா?" என்று கேட்டேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

பிறகு ராத்தாதான் சொன்னார் — இரண்டு கரண்டி!