கொலுவுக்கு வந்த நீல நரி

நாங்கள் குடியேறியிருக்கும் பேர்லேண்ட் ஊர்ச் சந்தையில் ஒரு மெக்சிகோக்காரப் பெண்ணிடம் ஆரஞ்சுப் புள்ளிகள் வைத்த நீல நிற மர நரிப் பொம்மை ஒன்று வாங்கினேன். அவள் சொந்த ஊரான வஹாகாவில் குடும்பமே கோப்பல் என்னும் மென்மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டுகிறதாம். நாளெல்லாம் கணினியைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு, எந்த நரிக்கும் இல்லாத அந்த நிறம் பிடித்தது.

கொலுவுக்கு நான்கு நாள் இருந்தது. பொம்மைகளோடு எடுத்து வைத்தபோது நரியின் காலிலிருந்து மரத்தூள் உதிர்ந்தது.

"பூச்சிங்க. எங்கம்மா குடுத்த மரப்பாச்சிக்கும் பரவிடப் போகுது," என்றாள் மனைவி.

வண்டு விழுந்த துவரம்பருப்பைக் காயவைப்பதுபோல் வெயிலில் வைத்தேன். நரியின் முதுகு வெடித்தது. விற்றவளிடம் கேட்டதற்கு, வெயில் ஆகாது, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால்தான் பூச்சி சாகும் என்றாள்.

பரோட்டா பாக்கெட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணினேன். மனைவி மரப்பாச்சி ஜோடியையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதையும் உள்ள வைங்க. இந்த வருஷம் மரப்பாச்சி வைக்கிற மேல் படி காலியாவே இருக்கட்டும்."