டாக்னிக்கு அறிவுரை சொல்லாத ஒருத்தி

ஸ்டாக்ஹோமுக்கு வெகு வடக்கே உள்ள சின்ன ஊரான ஸோர்சேலேயில் டாக்னியிடம் மாட்டாத ஆளே கிடையாது. ஊர் சுகாதார நிலையத்தில் இருபத்தாறு வருடமாக நர்ஸ். சர்க்கரை ஏறியவர், குடியை விட முடியாதவர், நடக்கச் சொன்னால் பனி ஸ்கூட்டர் சாவியைத் தேடுபவர் என்று எல்லாரும் அவள் அறையின் மஞ்சள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான்.

அவள் யாரையும் திட்டமாட்டாள். அதுதான் கொடுமை. திட்டினால் பதிலுக்கு முறைத்துவிட்டு வரலாம். டாக்னி தலையைச் சாய்த்து, "பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள, இது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்?" என்பாள். எதிரே இருப்பவர் தப்பிக்கிற நினைப்பில் ஒரு நாலைச் சொல்லி வைப்பார்.

"ரெண்டுன்னு சொல்லாம ஏன் நாலுன்னு சொன்னீங்க?"

அவ்வளவுதான், ஆள் காலி. ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவில் உள்ள காரணங்களை அவரே தன் வாயால் சொல்லியாக வேண்டும். டாக்னி அதைக் கேட்டு, அவர் சொன்னதையே கொஞ்சம் திருப்பிச் சொல்லி, காத்திருப்பாள். வெளியே வரும்போது மனிதர் தனக்குத் தானே அறிவுரை சொல்லிக்கொண்டு வருவார், அதுவும் யோசனை தன்னுடையது என்ற பெருமையோடு.

இதற்கு ஊக்கமூட்டும் உரையாடல் என்று பெயர். டாக்னி இதைச் செய்பவள் மட்டுமல்ல, மாவட்டத்து நர்சுகளுக்கெல்லாம் இதில் பாடம் நடத்துபவள். "அறிவுரை சொன்னா ஜனங்க எதிர்ப்பக்கம் ஓடுவாங்க. வாய மூடிக்கிட்டு கேளுங்க" என்று வாய் ஓயாமல் இரண்டு நாள் வகுப்பெடுப்பாள்.

இப்படிப்பட்ட டாக்னியின் மேலுதட்டுக்கு அடியில் முப்பத்தெட்டு வருடமாக ஸ்னூஸ் இருந்தது.

புகையிலைத் தூளைக் கட்டைவிரல் நகம் அளவு பையில் அடைத்து, வட்ட டப்பாவில் விற்பார்கள். புகை இல்லை, துப்பவும் வேண்டாம். ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்கு உலகம் பரவாயில்லை என்று தோன்றும். அந்தப் பக்கத்தில் பாதி ஊர் அப்படித்தான் உதட்டைத் தூக்கிக்கொண்டு திரியும். ஆகவே ஸ்னூஸ் வைத்தது டாக்னியின் குற்றமில்லை. அவள் குற்றம் வேறு.

பதினோரு வருடத்துக்கு முன் அவள் கணவன் ஹெல்மெருக்கு மாரடைப்பு வந்தது. மர லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். உமியோ ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைக் காகிதம் போல வெளுத்துப்போய் வந்தவனைப் பார்த்து டாக்னி பயந்துபோனாள். அன்றே இருவரும் தங்கள் டப்பாக்களை விறகடுப்பில் போட்டார்கள். சேர்ந்தே விடுவோம் என்று கைகொடுத்துக்கொண்டார்கள். ஹெல்மெர் அதோடு விட்டான். டாக்னி பத்தொன்பது நாள் தாங்கினாள். இருபதாம் நாள் ஒரு பெட்ரோல் பங்கில், கூட்டத்துக்கு நேரமாகிவிட்டதே என்ற பதற்றத்தில், ஒரே ஒரு டப்பா வாங்கினாள். அந்த ஒரே ஒரு டப்பா பதினோரு வருடமாகத் தீரவில்லை.

வெளியே தெரியாத மிகச் சிறிய பைகளாகப் பார்த்து வாங்கினாள். காரின் முதலுதவிப் பெட்டியில் ஒன்று, உறைபெட்டியில் மூஸ் மான் இறைச்சிக்கு அடியில் ஒன்று, தையல் கூடையில் ஜிப்புகளோடு ஒன்று. ஹெல்மெர் ஜிப் தைக்கிற ஆள் இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கால் கெடும் வரை. வலது பாதத்து மூட்டு தேய்ந்துபோய், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். எட்டு வாரம் முன்னால், எட்டு வாரம் பின்னால் நிகோட்டின் எந்த வடிவிலும் கூடாது, மீறினால் எலும்பு ஒட்டாது என்று கடிதம் சொன்னது. இந்தக் கடிதத்தை எத்தனையோ பேருக்கு டாக்னியே விளக்கியிருக்கிறாள். கூடவே வந்த கேள்வித்தாளை, ஓய்வுபெற்று வீட்டில் வேலையில்லாமல் இருந்த ஹெல்மெர் எடுத்துக்கொண்டான்.

"கேள்வி பதினாலு. புகையிலை, ஸ்னூஸ் பழக்கம் உண்டா? யார்கிட்ட கேக்குறான் பாரு!"

"குடு, நானே எழுதிக்கிறேன்."

"எழுதியாச்சு. 'இல்லை'ன்னு போட்டு, பக்கத்துலயே 'பதினோரு வருஷமா'ன்னு சேத்துட்டேன்."

"அத யாரு கேட்டா?"

"கேக்கல. தெரிஞ்சுக்கட்டுமேன்னுதான்."

டாக்னி அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்தாள். அறுவைக்குச் சரியாக எட்டு வாரம்தான் இருந்தது. இப்போதே அவள் நிஜமாகவே விட்டாக வேண்டும், அதுவும் எப்போதோ விட்டுவிட்டவள் போல முகத்தை வைத்துக்கொண்டு. இல்லையென்றால் கால் போகும். ஹெல்மெருக்குத் தெரிந்தால் என்ன போகும் என்று அவள் யோசிக்கவே விரும்பவில்லை.

உதவி தேடலாம் என்றால் ஊரில் இதற்கு இருக்கிற ஒரே ஆள் அவளேதான். அடுத்த ஊரில் இருப்பவளுக்குப் பாடம் நடத்தியவள் அவள். அதற்கடுத்த ஊரிலும் அதே கதை. ஆகவே ஆன்லைன். ஆலோசகர்களைத் தேடும் பக்கத்தில் "ஊக்கமூட்டும் உரையாடல்" என்பதை டிக் செய்தாள். சரசரவென்று சிரித்த முகங்கள் வந்து நின்றன.

முதல் ஆள் ஸ்டாக்ஹோம்காரர். நாலாவது நிமிடத்தில், "நான் என்ன சொல்றேன்னா, நிகோட்டின் சூயிங்கம் ஒண்ணு..." என்றார். டாக்னி மடிக்கணினியை மூடிவிட்டாள். இரண்டாவது ஒரு சின்னப் பெண். பின்னால் மெழுகுவர்த்தி எரிந்தது. டாக்னி எதைச் சொன்னாலும் "எவ்வளவு தைரியம் உங்களுக்கு!" என்று நெஞ்சில் கை வைத்தாள். தன் வயதைச் சொன்னதற்கும் அதே பாராட்டு வந்ததும் டாக்னி நன்றி சொல்லி விலகினாள். மூன்றாமவர் நன்றாகத்தான் தொடங்கினார். அளவுகோல் கேட்டார். டாக்னி ஏழு என்றாள்.

"ஏன் பத்துன்னு சொல்லல?"

டாக்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே ஏன் போகவில்லை என்று கேட்டால் மனிதன் சாக்குகளைத்தானே அடுக்குவான்? முதல் நாள் பாடமாயிற்றே இது! அன்று மாலையே அவருக்கு மூன்று குறிப்புகளோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் அவர் பணிவாக நன்றி சொல்லி, அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டிருந்தார். எட்டு வாரத்தில் ஒரு வாரம் இப்படிப் போயிற்று. டாக்னிக்கு ஒரு மாணவர் கிடைத்தார், வைத்தியர் கிடைக்கவில்லை.

நாலாவதாகக் கிடைத்தவள் யோர்டிஸ். தெற்கே கோட்லண்ட் தீவில் இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தான் பாடம் நடத்துகிறவள் என்பதையும் ஒளித்துவைத்த கதையையும் டாக்னி அவளுக்கு முன்பே எழுதி அனுப்பியிருந்தாள்.

பேசுவதற்கு டாக்னி தேர்ந்தெடுத்த இடம் வீட்டு நீராவிக் குளியலறை. சனிக்கிழமை தவிர மற்ற நாளில் அது ஆறிக் கிடக்கும், கதவும் கெட்டியாக மூடிக்கொள்ளும். கனத்த மேல்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக மரப்பலகையில் உட்கார்ந்தாள். ஹெல்மெரிடம் ஆன்லைன் வகுப்பு என்று சொல்லியிருந்தாள். யார் யாருக்கு வகுப்பெடுப்பது என்று அவன் கேட்கவில்லை.

"இதப் பத்தி இன்னைக்குப் பேசணும்னு நீங்களே முடிவு பண்ணியிருக்கீங்க" என்று தொடங்கினாள் யோர்டிஸ்.

டாக்னி வடக்கத்திக்காரர்கள் ஆமோதிக்கிற விதத்தில் உதட்டைக் குவித்து 'ஷ்ஷுப்' என்று காற்றை உள்ளே இழுத்தாள்.

"ஐயோ, மூச்சு வாங்குதா? தண்ணி குடிக்கிறீங்களா?"

"அது 'ஆமா'ங்க. எங்க ஊர்ல அப்படித்தான்."

"ஓ! சரி சரி. ஒரு பக்கம் விடணும்னு இருக்கு, இன்னொரு பக்கம் அது இல்லாம எப்படின்னும் இருக்கு."

"இதுக்கு இருபக்கப் பிரதிபலிப்புன்னு பேரு. 'ஆனா'ன்னு சொல்லாம 'இன்னொரு பக்கம்'னு சொன்னீங்க, நல்லா இருந்துச்சு" என்றாள் டாக்னி. "அடுத்து அளவுகோல் கேப்பீங்க. முக்கியத்துவம் பத்து, நம்பிக்கை மூணு. ஏன் ஒண்ணு இல்லன்னு கேப்பீங்க. ஏற்கெனவே பத்தொன்பது நாள் இருந்திருக்கேன், அதனால. முடிஞ்சுதா?"

யோர்டிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "எனக்கு வேலையே வைக்கலியே நீங்க."

அடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசம். பேச்சுவாக்கில் யோர்டிஸ் தனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று சொல்லித் தொலைத்தாள். டாக்னியின் தலை தானாகச் சாய்ந்தது. ஓட்டத் தெரிந்தால் என்னவெல்லாம் செய்வீர்கள் என்று கேட்டாள். காத்திருந்தாள். முப்பத்தைந்து நிமிடம் கழித்து யோர்டிஸ், என் விவாகரத்துக்குப் பிறகு தங்கையைப் போய்ப் பார்க்கவே இல்லை, பஸ்ஸைச் சாக்காகச் சொல்லி வந்திருக்கிறேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பயிற்சிப் பள்ளிக்கு வியாழக்கிழமை போன் செய்வதாக அவளே நாள் சொன்னாள்.

"இருங்க" என்று சட்டென்று நிமிர்ந்தாள். "இன்னைக்கு வைத்தியம் யாருக்கு?"

டாக்னி வெட்கப்பட்டாள். ஆனால் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது நடை கொஞ்சம் மிடுக்காக இருந்தது. வந்ததும் நேராக உறைபெட்டிக்குப் போய் இறைச்சிப் பொட்டலத்தைத் தூக்கினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது வாரம் யோர்டிஸ் வேறு மாதிரி இருந்தாள். வணக்கம் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"ஒளிச்சு வெக்கறதுல எது ரொம்பக் கஷ்டம்?"

"எடம் கண்டுபிடிக்கறதுதான்" என்றாள் டாக்னி விளையாட்டாக.

யோர்டிஸ் சிரிக்கவில்லை. ஒன்றும் பேசவும் இல்லை. இந்த மௌனம் டாக்னிக்குத் தெரிந்த மௌனம்தான். எட்டு விநாடி பொறுங்கள், எதிரே இருப்பவர் பேசுவார் என்று அவளே கரும்பலகையில் எழுதிக்காட்டியிருக்கிறாள். தெரிந்தும் என்ன பயன்? ஆறாவது விநாடியில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"கிறிஸ்துமஸ் விருந்துல, யாராவது ஸ்னூஸ எடுத்தா ஹெல்மெர் என் தோள்ல கை போட்டுக்குவான். 'நாங்க ரெண்டு பேரும் சேந்து விட்டோம்'னு சொல்லுவான். வருஷா வருஷம். அந்தக் கைய என்னால தாங்க முடியல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. தொப்பியைக் கழற்றினாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"ஸ்னூஸ் பாரமில்ல. அந்தக் கைதான் பாரம்" என்றாள் யோர்டிஸ் மெதுவாக.

"சொல்லுங்க, நான் அவன்கிட்ட சொல்லணுமா வேண்டாமா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"கடவுளே! ஒரு தடவ சொல்லித் தொலைங்களேன்!"

"அனுமதி இல்லாம அறிவுரை சொல்லக்கூடாதுன்னு நீங்கதான..."

"அனுமதி குடுத்தாச்சு! எழுதிக் கையெழுத்துப் போட்டு வேணும்னாலும் தரேன்!"

மாவட்டத்துக்கே பாடம் நடத்தியவள், ஆறிப்போன குளியலறையில் உட்கார்ந்து ஒரே ஒரு அறிவுரைக்குக் கெஞ்சினாள். யோர்டிஸ் தரவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள். அவனுக்கு வலிக்கும் என்றாள் டாக்னி. அப்புறம் என்றாள் யோர்டிஸ். அப்புறம் தெரியாது, அதுதான் பயம் என்று சொல்லி டாக்னி அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்தி, "சனிக்கிழமை மத்தியானம், காப்பி நேரத்துல சொல்றேன்" என்றாள். நாள் குறித்தது தானேதான் என்று தெரிந்ததும் அழுகைக்கு நடுவே யோர்டிஸை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினாள்.

சனிக்கிழமை மதியம் ஹெல்மெர், அந்தப் பக்கத்து வழக்கப்படி காப்பியில் போடுவதற்குப் பாலாடைக்கட்டியைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தான். டாக்னி டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"இது யாரோடது?"

"என்னோடது. நான் விடவே இல்ல, ஹெல்மெர். பத்தொன்பது நாள்தான்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். டப்பாவைத் திருப்பிப் பார்த்தான், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தையும் படித்தான்.

"புதினாவா?" என்றான் அருவருப்போடு. "பதினோரு வருஷமா புதினாவா வெச்ச?"

"வாசன தெரியக்கூடாதுன்னு."

அவன் டப்பாவை மேஜையில் திருப்பி வைத்தான். பிறகு டப்பாவையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கு ஆச போயிடுச்சுன்னு நெனச்சியா? ஒரு நாள்கூடப் போகல. லாரில லோடு ஏத்தி முடிச்சு உக்காரறப்ப, வேட்டைக்குப் போய்க் காத்துக்கிட்டு நிக்கறப்ப, இப்பக்கூட காப்பி வாசன வந்தா. ஒவ்வொரு தடவையும் உன்னத்தான் நெனச்சுப்பேன். டாக்னி தாங்கறா, ஒரு வார்த்த பொலம்பாம தாங்கறா, உனக்கு என்னடான்னு." டப்பாவை அவள் பக்கம் தள்ளினான். "அப்ப நான் மட்டும் தனியாவா விட்டேன்?"

டாக்னியிடம் கேட்பதற்கு ஒரு கேள்வியும் இல்லை, திருப்பிச் சொல்ல ஒரு வாக்கியமும் இல்லை. இருபத்தாறு வருடம் படித்தது, படிப்பித்தது எதுவும் கைகொடுக்கவில்லை. "மன்னிச்சிடு" என்றாள்.

ஹெல்மெர் எழுந்து ஜன்னலிடம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். வெகுநேரம் நின்றான். திரும்பி வந்து, தன் கோப்பையில் ஊற்றிக்கொண்டு, அவள் கோப்பையைப் பார்த்தான். அதிலும் ஊற்றினான்.

"இன்னும் எத்தன வாரம் இருக்கு?"

"அஞ்சு. ஆபரேஷன் தேதியத் தள்ளிப் போடச் சொல்லணும். எட்டு வாரம் வேணும்."

"திங்கக்கிழம போன் போடு. அந்தப் பேப்பர்ல நான் எழுதினத அழிக்கச் சொல்லு." உட்கார்ந்தான். "நான் கோபமா இருக்கேன், டாக்னி. இது சீக்கிரம் போகாது."

"தெரியும்."

"ஆச வந்தா என்னப் பாரு."

"நீ கோபமா இருக்கறப்ப எப்படிப் பாக்கறது?"

"அப்பவும் பாரு" என்றான் ஹெல்மெர்.