பதினாலாம் நம்பர் தாய்

என் முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பைச் சொல்லச் சொன்னால் என் அப்பா இன்றைக்கும் பாதியில் நிறுத்தி மூச்சு வாங்குவார்: 'கிராமப்புறத் தொடக்கப்பள்ளி மாணவர்களின் கற்றலில் எழுத்தறிவற்ற தாய்மார்களின் பங்கேற்பு.' கல்வியியலில் ஆய்வு என்றால் தலைப்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்கள் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன செய்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

எங்களுக்கு மாகறலில் நெல் வயல் உண்டு. அந்த ஊரிலேயே ஆய்வை முடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். என் நெறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க வயல்ல வேலை செய்யறவங்க உங்கிட்ட உண்மையைச் சொல்ல மாட்டாங்க. தெரியாத ஊருக்குப் போ" என்றார். அதனால் உத்திரமேரூருக்குப் பக்கத்தில், யாரையும் எனக்குத் தெரியாத ஒரு சிற்றூரைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே காலனியில் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்கள்தான் அதிகம். முதல் வீட்டுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் அந்த வீட்டு அம்மாள் என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ மாகறல்ல ஆத்தோரம் கீற பெரிய வூட்டுப் பொண்ணுதானே? உங்க வயல்ல ரெண்டு வாட்டி நடவுக்கு வந்துகீறேன்" என்றாள். தெரியாத ஊர் என்பது அதோடு முடிந்தது.

கையில் நாற்பது கேள்விகள் அச்சிட்ட படிவம். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில்கள்: எப்போதும், பெரும்பாலும், நடுநிலை, அரிதாக, ஒருபோதும் இல்லை. வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்பும் மாலை வேளைகளில் ஒவ்வொரு வீடாகப் போவேன். எங்கே போனாலும் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிடும். நான் தரையில் உட்காரப் போனால், "மேல ஒக்காரும்மா. நீ கீய ஒக்காந்தா எங்களுக்குத்தான் பேஜாரு" என்பார்கள். நான் மேலே, அவர்கள் கீழே. கேட்பதற்கெல்லாம் தலையை ஆட்டுவார்கள்.

பதினாலாவது வீட்டுக்காரி அப்படித் தலையாட்டவில்லை. என்னைவிட இரண்டு வயது சின்னவள். நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று கிடைத்ததற்கெல்லாம் போகிறவள். கணவன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் காவலுக்கு இருந்தான். ஒரே மகள், மூன்றாம் வகுப்பு.

ஆய்வில் யாருடைய பெயரையும் எழுதக் கூடாது என்பது விதி. முதலில் அதை விளக்கினேன்.

"உங்க பேரு எங்கேயும் வராது. தா-பதினாலுன்னுதான் வரும். 'தா'ன்னா தாய்."

"பேரு வந்தா இன்னா? நான் இன்னா திருடிட்டா வந்துகீறேன்?"

"அது விதிங்க."

"சரி. அப்ப பதிமூணு யாரு?"

"அதையும் சொல்லக் கூடாது."

"எதிர் வூட்டுக்காரிதானே? இப்பதானே அவ வூட்லேந்து எறங்கி வந்தே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. படிவத்தைப் பிரித்து முதல் கேள்வியைப் படித்தேன். "உங்கள் பிள்ளையின் கற்றலில் நீங்கள் பங்கேற்கிறீர்களா?"

அவள் முகம் மாறிவிட்டது. "பங்கு கேக்கறேனா? நான் யாராண்டயும் பங்கு கேக்கலியே. எங்க அண்ணன் அனுப்சானா உன்னை?"

அவளுடைய அம்மா வீட்டு மனையில் ஏதோ தகராறு இருந்திருக்கிறது. அது வேறு, இது வேறு என்று புரியவைப்பதற்குள் அவள் போட்டுத் தந்த டீ ஆறிப்போனது. ஒன்பதாவது கேள்வி: 'வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்கிறீர்களா?' அவள், "எனக்கு எய்தப் படிக்கத் தெரியாதே. நான் எங்க பாக்கறது?" என்றாள். 'ஒருபோதும் இல்லை' என்று டிக் அடித்தேன். அதற்கு முந்தைய பதிமூன்று பேருக்கும் அதே இடத்தில்தான் டிக் அடித்திருந்தேன். நாற்பது கேள்விகளையும் முடித்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்குப் போனபோது படிவங்கள் இருந்த பையை அவள் வீட்டிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பி நடந்தேன்.

வாசலில் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் படியில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் நிற்பதை இருவரும் கவனிக்கவில்லை. திடீரென்று அம்மா, தேய்ப்பதை நிறுத்தாமல், "ஏய், நில்லு. அந்த எடத்தத் திரும்பப் படி" என்றாள். மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பப் படித்தாள். நான் போய்ப் புத்தகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே ஒரு வரியைத் தாண்டியிருந்தாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அவ புரிஞ்சி படிச்சான்னா பேசற மாரி இருக்கும். முயுங்கிட்டா, கல்லு தட்டுன மாட்டு வண்டி மாரி ஒரு குலுக்கு குலுக்கும். தெனமும் கேட்டுக்கினு கீறேன், தெரியாதா?"

"தினமுமா?"

"பின்ன? பாத்திரம் தேய்க்கற வரைக்கும் தமியு, சோறு வடிக்கற வரைக்கும் கணக்கு. வாய்ப்பாடு தப்பா சொன்னாலும் தெரியும். அது பாட்டு மாரி, கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்."

என் பை நாற்காலியில் இருந்தது. அதற்குள் இவள் பெயருக்கு நேராக, இல்லை, இவள் எண்ணுக்கு நேராக, 'ஒருபோதும் இல்லை' என்று நான் போட்ட டிக் இருந்தது. அவமானமாக இருந்தது. கூடவே, யாரிடமாவது உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று குறுகுறுப்பாகவும் இருந்தது.

மறுநாள் சென்னையில் நெறியாளரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நல்ல செய்தி, உன் படிவம் அளக்காத ஒண்ணை நீ பார்த்திருக்கே. கெட்ட செய்தி, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." நான் அங்கேயே அழுதுவிட்டேன். படிவம் தயாரித்து, நிபுணர்களிடம் ஒப்புதல் வாங்கி, ஆய்வுக் குழு முன்னால் வைத்து என்று ஒரு வருடம் போயிருந்தது. அவர் கேண்டீனிலிருந்து காபி வரவழைத்துக் கொடுத்தார். "குடிச்சிட்டு அந்த ஊருக்கே திரும்பிப் போ. கேள்விகளை அவங்களோட உக்காந்து திருத்து" என்றார்.

அந்த ஊருக்கே போனேன். ஏரிக்கரையில் நூறு நாள் வேலை நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதினாலாம் நம்பர் மற்ற பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அங்கே நாற்காலி ஏதும் இல்லை. எல்லோரும் மண்மேட்டில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு கேள்வியாக நான் படிக்க, அவர்கள் பிரித்து மேய்ந்தார்கள்.

"படிப்பதற்கு உகந்த சூழலை உருவாக்குகிறீர்களா?"

"டிவியை நிறுத்துவியான்னு கேளேன். அத்த ஏன் இப்டிச் சுத்திக்கினு வர்ற?"

"ஆசிரியருடன் தொடர்பு வைத்துக்கொள்கிறீர்களா?"

ஒருத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள். பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு. சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இத்த என் வூட்டுக்காரு இருக்கறப்ப கேட்டுறாத, தாயே!" மண்வெட்டியோடு தூரத்தில் நின்ற மேற்பார்வையாளர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அந்தக் கேள்வி 'டீச்சராண்ட பேசுவியா?' என்று மாறியது. ஐந்து பதில்களும் நாலாகக் குறைந்தன: தெனமும், அப்பப்ப, எப்பவாச்சும், இல்லவே இல்ல. நடுநிலையை ஒருவரும் ஏற்கவில்லை. "ஒண்ணு செய்யணும், இல்ல உடணும். நடுவுல நின்னுக்கினு இன்னா பண்றது?"

கடைசியில் பதினாலாம் நம்பர் தானாகவே ஒரு கேள்வி சொன்னாள். "புள்ள படிச்சிக்கினு கீறப்ப கடைக்கு அனுப்புவியான்னு கேளு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏண்டி எங்க வண்டவாளத்தை எடுக்கற?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. என் ஆய்வில் எல்லோரும் கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்ன ஒரே கேள்வி அதுதான். அன்றைக்குக் கிளம்பும்போது அவள் என்னை 'டீச்சரம்மா' என்று சொல்லாமல் 'யக்கா' என்று கூப்பிட்டாள். அதை நான் ஆய்வேட்டில் எழுதவில்லை.

மேலும் இரண்டு வருடங்கள் ஆயின. ஆய்வேட்டைக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்வுக்கு நாள் குறித்தார்கள். அது எல்லோரும் வந்து கேட்கக்கூடிய பொதுத் தேர்வு, அழைப்பிதழிலேயே அப்படித்தான் அச்சிடுவார்கள். ஒரு மரியாதைக்கு அவளுக்கும் போன் செய்து சொன்னேன்.

"யார் வேண்ணா வரலாமா? நெஜமாவா?"

"வரலாம்" என்றேன்.

தேர்வன்று காலை, புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டு மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக வாசலிலிருந்து காவலாளி அழைத்தார். "மேடம், ஒரு வேன் நெறய லேடீஸ் வந்திருக்காங்க. உங்க பேரைச் சொல்றாங்க. கல்யாணம் எந்த ஹால்ல?"

ஓடினேன். கனகாம்பரம் வைத்த தலைகளாக வேனிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் ஒரு எவர்சில்வர் அண்டாவைத் தூக்கி வந்தார்கள். உள்ளே புளியோதரை. "பரிச்சை முடிஞ்சா பசிக்குமில்ல?" என்றாள் பதினாலாம் நம்பர். அவளும் மகளும் ஒரே நிறத்தில் உடுத்தியிருந்தார்கள்.

வழக்கமாகப் பத்துப் பேர் தூங்கிவழியும் அந்தக் கருத்தரங்க அறை நிறைந்துவிட்டது. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த புறத்தேர்வாளர் பின்வரிசைகளைப் பார்த்துவிட்டு, "இவங்கெல்லாம் யாரு?" என்று கேட்டார். சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படின்னா தமிழ்லயே சொல்லுங்க. அவங்களைப் பத்தின ஆய்வு அவங்களுக்குப் புரிய வேண்டாமா?"

என் மூன்று வார மனப்பாடமும் வீணானது. ஆய்வு முறையியலுக்கு வந்தபோது அந்தச் சொல்லே மறந்துபோய், "இந்தக் கேள்விகளை எல்லாம் ஏரிக்கரையில இவங்கதான் செஞ்சாங்க" என்றேன். அதற்குப் பின் சரளமாக வந்துவிட்டது. காதால் வீட்டுப்பாடம் பார்க்கும் அம்மாக்களைப் பற்றிச் சொன்னபோது பின்வரிசையில், "நம்மளத்தான் சொல்லுது" என்று ஒரு கிசுகிசு கேட்டது.

பேராசிரியர்களின் கேள்விகள் முடிந்ததும், பார்வையாளர்களில் யாராவது கேட்கலாம் என்றார்கள். அதுவரை நான் போயிருந்த தேர்வுகளில் அந்த இடத்தில் யாரும் வாயைத் திறந்து பார்த்ததில்லை. பதினாலாம் நம்பர் எழுந்து நின்றாள்.

"நான்தான் பதினாலு" என்றாள்.

எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்தபடியே, "நான் பதிமூணு" என்றாள். அறையே சிரித்தது. நெறியாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஆய்வு அறத்தின் முதல் விதி என் கண்ணெதிரே போய்விட்டது.

சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். "எங்களப் பத்தி இம்மாம் பெரிய புக்கு எய்திகீறீங்க. சந்தோசம். ஆனா எங்க புள்ளைங்களோட டீச்சருங்களுக்கு இது தெரியாதே. எதுன்னா சந்தேகம் கேட்டா, 'உங்களுக்கு இன்னாமா தெரியும்'னுதான் இன்னும் சொல்றாங்க. இத்த அவங்களாண்ட யாரு சொல்றது?"

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் 'பரிந்துரைகள்' என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அது அரசுக்கு, கல்வித்துறைக்கு, எதிர்கால ஆய்வாளர்களுக்கு. அந்த ஊர்ப் பள்ளிக்கு நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"நான் வந்து சொல்றேன்" என்றேன்.

"எப்ப?" என்றாள்.

"இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கணும்" என்றார் புறத்தேர்வாளர். பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். கை தட்டினார்கள். துறையின் தாழ்வாரத்தில் பாக்குமட்டைத் தட்டுகளில் புளியோதரை பரிமாறப்பட்டது. என் நெறியாளர் இரண்டாவது முறையும் தட்டை நீட்டியதை நானே பார்த்தேன்.

அடுத்த மாதம் அந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நான் குறிப்புகளோடு போனேன். தலைமையாசிரியை அவற்றை வாங்கிப் புரட்டிவிட்டு, "நீங்க ரெண்டு நிமிஷம் பேசுங்க, மீதியை அவங்க பேசட்டும்" என்றார். பதினாலாம் நம்பர் முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை விட்டாள். வீட்டில் தான் செய்வதை அப்படியே சொன்னாள். மகளின் வகுப்பு ஆசிரியர் சங்கடமாக நெளிந்தார். ஆனால் எழுந்து, "எனக்கு இது தெரியாதும்மா, தப்பா நெனைச்சிக்காதீங்க" என்றார். அந்த வாரத்திலிருந்து தினமும் ஒரு பக்கம் சத்தமாகப் படித்துக் காட்டுவதும் வீட்டுப்பாடத்தில் சேர்ந்தது. அம்மாவோ அப்பாவோ கேட்டுவிட்டு, சரியாகப் படித்தால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு வட்டம் போட வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து அவள் போன் செய்தாள். "யக்கா, அந்த சார் இப்ப மூணு பக்கம் குடுக்கறாரு. கொயம்பு தீயுது. கொஞ்சம் சொல்லேன்." சொன்னேன். ஒரு பக்கமாகக் குறைத்தார்.

பட்டம் கையில் வந்தும் வேலை கிடைக்காமல் ஊரில் இருந்த தை மாதத்தில் ஒருநாள் மறுபடி அழைத்தாள். "சும்மாதானே கீற? நடவுக்கு ஆளு பத்தல. வந்து பாக்கறியா?"

அப்பாவுக்குச் சிரிப்புத் தாளவில்லை. "உனக்கு நம்ம வயல்லயே நாத்து பிடிக்கத் தெரியாதே" என்றார். இருந்தாலும் போனேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, அவர்களுக்கு நடுவில் குனிந்து நட ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் அவர்கள் எல்லோரும் பத்தடி முன்னால் போயிருந்தார்கள். என் நாற்றுகளில் பாதி சாய்ந்து தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அவள் திரும்பி வந்து பார்த்தாள். என் கையிலிருந்த நாற்று முடியை வாங்கிக்கொண்டாள்.

"யக்கா, நீ வரப்புல நின்னு எங்கள எதுன்னா கேள்வி கேளு" என்றாள்.