ஏரிக்கரை ஓட்டமும் ஏழாம் நம்பர் பஸ்ஸும்

டிப்போவில் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. பஸ் டிரைவர். காலையில் முதல் வண்டியை எடுப்பவர் அவர்தான். அவர் வண்டியைத் திருப்பும்போது காவலாளி கேட்டைத் திறந்து பிடித்தபடி தயாராக நிற்பார். "லேட்டாச்சுன்னா மனுஷன் ஹார்ன்கூட அடிக்கமாட்டாரு. கண்ணாடிக்குள்ள இருந்து சும்மா ஒரு பார்வை பாப்பாரு. அதுக்கு ஹார்னே தேவலாம்" என்பார் காவலாளி.

கடிகாரத்துக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. புறப்படும் நேரம் வந்துவிட்டால் கதவை மூடிவிடுவார். பின்னால் யார் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாலும் சரி, வண்டி நிற்காது. கல்நெஞ்சு என்று சிலர் திட்டுவார்கள். அவர் கோபப்படுவதில்லை. "ஒருத்தருக்காக நின்னா, அடுத்த ஸ்டாப்புல நிக்கறவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்பார். மழையோ குளிரோ, அவர் வண்டிக்காக யாரும் ஸ்டாப்பில் காத்துக் கிடந்ததில்லை. திட்டியவர்களும் மறுநாள் அவர் வண்டிக்குத்தான் வந்து நிற்பார்கள்.

கல்யாணமான புதிதில் அந்தக் கொள்கை வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. அவர் மனைவி ரொட்டிக் கடையில் கவுண்டரில் நிற்பவள். வழியில் தெரிந்த முகம் தென்பட்டால் நின்று பேசாமல் வரத் தெரியாது. ஒருநாள் அப்படிப் பேசிவிட்டு வந்தபோது, கணவர் ஓட்டும் பஸ் ஸ்டாப்பை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தது. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த திருப்பம்வரை ஓடிப் பார்த்தாள். பஸ் போயே போய்விட்டது.

"நான் ஓடி வர்றது கண்ணாடியில தெரிஞ்சுதா, இல்லையா?" என்று அன்று சாயங்காலம் கேட்டாள்.

"தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"வண்டி நிக்காதும்மா."

அந்தக் கதையைச் சொல்லாமல் அந்த வீட்டில் ஒரு விசேஷமும் முடிந்ததில்லை. கைப்பையை அணைத்துக்கொண்டு கூடத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அவள் ஓடிக் காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடிகாரமும் சிரிப்பார். ஆனால் மற்றவர்கள் சிரித்து முடிக்கும்போதுதான் அவருக்குச் சிரிப்பு வரும்.

உட்கார்ந்தே ஓட்டி இடுப்பு பிடித்துக்கொண்டதால் நடக்கச் சொன்னார் டாக்டர். நடந்தார். நடை ஓட்டமானதற்குக் காரணம் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, ஓட்டம் என்றால் பைத்தியம். "மாமா, இத்தனை வருஷமா ஊரையே ஓட வச்சீங்க. இப்ப உங்க முறை" என்று சொல்லி ஷூ வாங்க இழுத்துக்கொண்டு போனான்.

ஷூவோடு கைக்கு ஒரு வாட்சும் வந்துவிட்டது. அரை மராத்தான் என்றால் இருபத்தொரு கிலோமீட்டர். அதை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தே தீருவது என்று அவருக்கு ஒரு வெறி பிடித்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் கை நழுவிப் போகும். வீட்டுக்கு வந்து சமையலறை முக்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றுவார். பேசமாட்டார். மனைவி கொடுத்த டீ ஆறிக்கொண்டிருக்கும், அவர் வாட்சையே முறைத்துக்கொண்டிருப்பார். வெளியூரில் படிக்கும் மகள் போன் பண்ணி, "அப்பாவுக்கு என்ன டைம்மா?" என்று கேட்டால், "இந்த வீட்ல அதை மட்டும் கேக்காத" என்பாள் அம்மா.

இந்த வருடம் மனைவி ஒரு முடிவோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏரிக்கரை ஊர் ஒண்ணுல ஓட்டம் இருக்குன்னு தம்பி சொல்றான். நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயும் போனதில்ல. போவோம். ஆனா வாட்சு வரக்கூடாது."

"வாட்சு இல்லாம எப்படி?"

"கால்லதானே ஓடறீங்க? ஊரைப் பாத்துக்கிட்டு ஓடுங்க. அங்கயும் வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டீங்கன்னா அதோட சரி. உங்க ஓட்டத்துக்கு இனிமே நான் வரமாட்டேன். உங்களோட வேற எங்கயும் வரமாட்டேன்."

முதல் பாதியைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். இரண்டாம் பாதியில் சிரிப்பு இல்லை. கடிகாரத்துக்கு அது புரிந்தது. வாட்சைக் கழற்றி, கரண்டி வைக்கும் இழுப்பறையில் போட்டு மூடினார். மணிக்கட்டில் வெயில் படாத வெளுப்பு ஒரு பட்டையாக நின்றது.

ரயிலில் போனார்கள். லாட்ஜின் மாடி அறையில் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தால் ஏரியின் ஒரு மூலை தெரியும். மனைவி எட்டிப் பார்த்தாள். கடிகாரமோ பையை வைத்த கையோடு எதிரே இருந்த பஸ் ஸ்டாப்புக்குப் போய், அங்கே ஒட்டியிருந்த நேர அட்டவணையை எழுத்து விடாமல் படித்துவிட்டு வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"ஏழாம் நம்பர் வண்டி. லாட்ஜ் வாசல்ல ஏறினா பழைய பாலத்துல இறங்கிக்கலாம். ஓடற பாதையும் அதேதான். நான் பாலத்துக்கு வரும்போது நீ அங்க இருப்ப. பிளாஸ்க்ல டீ எடுத்துட்டு வா. நின்னு குடிச்சிட்டுதான் போவேன்."

"நிப்பீங்களா?"

"நிப்பேன்."

"இல்ல, வண்டி நிக்காதேன்னு கேட்டேன்."

"நிப்பேன்னு சொல்றேன்ல!"

மறுநாள் காலை ஏரிமேல் மூடுபனி இறங்கியிருந்தது. ஓட்டம் தொடங்கியதும் பழக்கத்தில் மணிக்கட்டைப் பார்த்தார். வெளுப்புதான் இருந்தது. சரி என்று தலையை நிமிர்த்தினார்.

வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ரோட்டைப் பார்த்தே வாழ்ந்தவர் அவர். ரோட்டோரம் என்று ஒன்று இருப்பதை அன்றுதான் பார்த்தார். பூட்டிய சலூனின் கண்ணாடிக்குப் பின்னால், சுழல் நாற்காலியில் ஒரு நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. மாடி ஜன்னலில் ஒருவர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வேடிக்கை பார்த்தார். கொடியில் காய்ந்த படுக்கை விரிப்புகளுக்கு நடுவே ஏரி துண்டு துண்டாகத் தெரிந்தது.

ஒரே ஒரு சங்கடம். ஓரத்தில் நின்றவர்கள் உற்சாகப்படுத்தக் கையைத் தூக்கினார்கள். யாராவது கை தூக்கினால் இவர் வலது கால் தானாக பிரேக்கைத் தேடியது. ஒரு அம்மா கையைத் தூக்கியதும் நிஜமாகவே ஓரங்கட்டி அவர் முன்னால் போய் நின்றுவிட்டார். அந்த அம்மா திகைத்து, "என்ன தம்பி, தண்ணி வேணுமா?" என்றார். "இல்லம்மா, நீங்க ஏறுறீங்களோன்னு..." என்று உளறிவிட்டு மறுபடி ஓடினார். பக்கத்தில் ஓடியவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. ஓட்டத்தில் சிரிக்க முடியும் என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது.

அப்படியே பழைய பாலம் வந்துவிட்டது. கல் கைப்பிடிச் சுவர், தண்ணீர் கொடுக்கும் மேசை. மனைவியைக் காணோம்.

எப்போதும்போல லேட் என்றுதான் முதலில் நினைத்தார். மேசையில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், "ஏழாம் நம்பர் பஸ் போயிடுச்சாங்க?" என்று கேட்டார்.

அந்தப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன சார், பஸ் போற ரோட்டுலதானே நீங்க ஓடி வந்தீங்க? உங்களுக்காகத்தானே ரோட்டையே மூடி வச்சிருக்காங்க! மத்தியானம் வரைக்கும் இந்தப் பக்கம் ஒரு வண்டியும் வராது."

கடிகாரம் கையில் இருந்த டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டார். அட்டவணையைத் தலைகீழாகப் பாடம் பண்ணிய மனிதர், தான் ஓடுவதற்காக அந்த பஸ்ஸையே நிறுத்திவிடுவார்கள் என்பதை யோசிக்கவே இல்லை. வழியெல்லாம் ஒரு பஸ்கூட எதிரே வராதது எவ்வளவு சுகமாக இருந்தது! அந்தச் சுகத்தின் மறுபக்கத்தில் அவள் லாட்ஜ் வாசலில் பிளாஸ்க்கோடு நின்றிருப்பாள். அந்தப் பெண்ணின் போனை வாங்கிக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனை அறையில் சார்ஜில் போட்டுவிட்டுக் கிளம்புவது மனைவியின் வழக்கம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முன்னால் ஓடியவர் முதுகில் ஒரு கொடி. இரண்டு மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு வழிகாட்டும் கொடி அது. கடிகாரத்துக்கு அந்தக் கொடியை நன்றாகத் தெரியும். இத்தனை வருடமாக அதன் முதுகைத்தான் பார்த்திருக்கிறார். இன்று அது அவருக்குப் பின்னால் வந்தது.

கூட்டத்தில், ஓட்டத்துக்குத் தனியாக வந்து சேர்ந்திருந்த மச்சினன் இருந்தான். மாமாவை இழுத்துக்கொண்டு போகவே அன்று மெதுவாக ஓடியிருக்கிறான்.

"மாமா! உங்களைப் பின்னாடி தேடிட்டு இருக்கேன், நீங்க கொடிக்கே முன்னாடி இருக்கீங்க! வாங்க, வாங்க, இன்னைக்கு உங்களுது! ஏன் நின்னுட்டீங்க?"

கால் தானாக ஒரு எட்டு வைத்தது. பொய் சொல்லக் கூடாது, வைத்தது. அந்த இரண்டு மணி நேரக் கணக்கு இவ்வளவு கிட்டத்தில் அவருக்கு வந்ததே இல்லை. டீயைப் பிறகு குடிக்கலாம். நடந்ததைச் சொன்னால் அவளும் புரிந்துகொள்வாள்.

ஆனால் அந்த எட்டோடு அவர் கண்ணுக்குள் ஒரு கண்ணாடி வந்து நின்றது. பஸ்ஸின் ஓரக் கண்ணாடி. அதில் கைப்பையை அணைத்தபடி ஓடிவரும் ஒரு சின்ன உருவம், திருப்பத்தில் மறையும் வரை. அன்று அதைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டியிருந்தார்.

"நீ போ மாப்ள" என்றார். "ஒரு பயணி வரணும்."

"மாமா, வெளையாடாதீங்க!"

"போடா, லேட்டாகுது உனக்கு."

கொடி பாலத்தைத் தாண்டி, மரங்களுக்குப் பின்னால் ஆடி ஆடி மறைந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, லாட்ஜ் பக்கமிருந்து வரும் ஏரிக்கரை நடைபாதையைப் பார்க்க ஆரம்பித்தார்.

காத்திருப்பது அவருக்குத் தெரியாத வேலை. கையை எங்கே வைப்பது என்றே புரியவில்லை. வேர்வை காய்ந்து குளிரெடுத்தது, கால் இறுகியது. சும்மா நிற்க முடியாமல் மேசைக்குப் பின்னால் போய்த் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அடுத்த கொடி போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. ஓடுகிறவர்கள் குறைந்து, நடக்கிறவர்கள் வந்தார்கள். "யாருக்காக சார் நிக்கிறீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண். "வீட்டுக்காரம்மா" என்றார்.

கடைசியில் நடைபாதையின் வளைவில் அவள் தெரிந்தாள். ஓடிவந்தாள். சாதாரணச் செருப்பு. மார்போடு அணைத்த கைப்பை, தோளில் ஆடும் பிளாஸ்க். கூடத்தில் ஓடிக் காட்டுவாளே, அதே ஓட்டம். கடிகாரம் ரோட்டோரத்துக்கு வந்து, ஸ்டாப்பில் நிற்கும் பயணியைப்போல் கையைத் தூக்கினார்.

அவள் பதறிவிட்டாள். "என்னங்க ஆச்சு? கால் பிசகிடுச்சா?"

"ஒண்ணும் ஆகல. டீ எங்க?"

"பஸ்ஸே வரல. நின்னு நின்னு பாத்துட்டு நடக்க ஆரம்பிச்சேன். நீங்க எப்பவோ போயிருப்பீங்கன்னுதான் நெனச்சேன்."

"அப்புறம் ஏன் ஓடி வந்த?"

மூச்சு வாங்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள். "பஸ் போயிடும்னு தெரிஞ்சும் ஓடறதில்லையா? அது மாதிரிதான்." பிறகு கேட்டாள்: "ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"இல்ல இல்ல. இப்பதான் வந்தேன்."

மேசைக்குப் பின்னாலிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். மனைவி அவளைப் பார்த்தாள், காய்ந்து உப்புப் பூத்திருந்த கணவர் சட்டையைப் பார்த்தாள். நேரத்தைப் பற்றி இந்த மனிதர் சொன்ன முதல் பொய் அது. அவள் பிளாஸ்க்கைத் திறந்தாள்.

பாலத்துச் சுவரில் சாய்ந்து டீ குடித்தார்கள். சலூன் நாயைப் பற்றிச் சொன்னார். சோப்பு நுரைக்காரரைச் சொன்னார். கை தூக்கிய அம்மாவைச் சொன்னபோது அவளுக்குப் புரையேறியது. இவ்வளவு பேசுவாரா இவர் என்று பார்த்துக்கொண்டே இரண்டாவது டம்ளரையும் ஊற்றினாள். பனி விலகி ஏரி முழுசாகத் தெரிந்தது.

பின்னாலிருந்து மெதுவாக ஒரு பஸ் வந்து நின்றது. ஓட முடியாமல் தங்கிவிட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி. அதன் டிரைவர் எட்டிப் பார்த்து, "சார், இதுதான் கடைசி. ஏறுறீங்களா?" என்றார்.

கடிகாரம் டிரைவர் பழக்கத்தில் முதலில் டயரைப் பார்த்தார். "நான் ஏறல. இவங்கள ஏத்திக்கோங்க."

"ஓடறவங்களுக்கு மட்டும்தான் சார் இது."

"நான் மட்டும் என்ன, பறந்தா வந்தேன்?" என்று செருப்புக் காலைத் தூக்கிக் காட்டினாள் மனைவி. டிரைவர் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தார். அவள் ஏறி உட்கார்ந்து, பையையும் பிளாஸ்க்கையும் சரிசெய்து முடிக்கும்வரை கதவை மூடாமல் இருந்தார். கடிகாரம் அதைக் கவனித்தார்.

மீதி தூரம் முழுக்க பஸ் அவர் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. இறுகிய கால் இளகக் கொஞ்சம் நேரமானது. நொண்டினார், பிறகு ஓடினார். முன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி மனைவி கத்தினாள்: "ஓடுங்க, ஓடுங்க! வண்டி நிக்காது!"

பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். கடிகாரம் சிரித்தார். இந்தத் தடவை எல்லோருக்கும் முந்தி அவருக்குத்தான் சிரிப்பு வந்தது.

முடிவுக் கோட்டில் கொடிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பதக்கம் மாட்டிவிட ஒருவர் மட்டும் மிச்சம் இருந்தார். மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். "கையில வந்ததை விட்டுட்டீங்களே மாமா!"

"ஏரியைப் பாத்தியா நீ?" என்று கேட்டார் கடிகாரம்.

"எந்த ஏரி?"

மனைவி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். நேராக அவர் முகத்துக்கு முன்னால் நின்று, ரொட்டி வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல் உற்றுப் பார்த்தாள். தொங்கிய முகம் எங்கேயும் இல்லை. வியர்வை வழிந்த, பல்லெல்லாம் தெரிகிற ஒரு முகம்தான் இருந்தது.

"அடுத்தது எந்த ஊர்ல?" என்றாள்.

"கடற்கரை ஊர் ஒண்ணு இருக்காம்."

"போலாம். ஆனா பஸ் விஷயத்தை மட்டும் நான் யார்கிட்டயாவது கேட்டுக்கறேன். உங்கள நம்பி ஏற முடியாது."