பூப்போட்ட பீங்கான்

ரகசியம் காப்பதில் எங்கள் வீட்டில் நான்தான் கெட்டிக்காரி. எட்டு வயதில் வாங்கிய பெயர் அது. வாங்காமலே இருந்திருக்கலாம்.

வந்தாறுமூலையில் கம்பஸுக்குப் பின்னால் எங்கள் வீடு. காலியாகக் கிடந்த முன்னறையை, புத்தளத்திலிருந்து படிக்க வந்த ஓர் அக்காவுக்குச் சாப்பாட்டோடு கொடுத்தாள் அம்மா. முஸ்லிம் பிள்ளை. இந்தப் பக்கத்தில் அவளுக்குச் சொந்தமென்று ஒருவரும் இல்லை. நானோ ஒற்றைப் பிள்ளை. வீட்டுக்குள்ளேயே ஓர் அக்கா வரப்போகிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவுக்குத்தான் ஒரே பதற்றம். வவுணதீவில் வயல் செய்யும் சித்தப்பா, வயல் வட்டைக்குள் இறங்கி நெல்லை நாசமாக்கும் காட்டுப் பன்றியைப் பிடித்தால் எங்களுக்கும் ஒரு பங்கு கொண்டுவருவார். எங்கள் சட்டி, அகப்பை, சாப்பிடும் பீங்கான் எல்லாமே அந்தக் கறியைக் கண்டவை. அதில் ஆக்கி அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பதா? ஏறாவூருக்குப் போய்ப் புதுச் சட்டியும் குவளையும் பூப்போட்ட பீங்கான் ஒன்றும் வாங்கிவந்தாள். சித்தப்பாவுக்கும் இனிக் கொண்டுவர வேண்டாமென்று சொல்லியனுப்பினாள். கடைசியில் என்னைப் பிடித்தாள்.

"இந்த வீட்டில பண்டி ஆக்கினதெண்டு அவவுக்குத் தெரியப்படாது. வாயத் திறந்தா தோல உரிச்சுப்போடுவன்."

நான் திறக்கவில்லை.

தினமும் அந்தப் பீங்கானில் சோற்றை அறைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கொஞ்சம் நின்றால் போதும், "அவவ நிம்மதியாச் சாப்பிட விடு, வா இஞ்ச" என்று அம்மா கூப்பிடுவாள். அம்மா, அப்பா, நான் மூவரும் குசினிக்குள் அடுப்படியில் இருந்து சாப்பிடுவோம். அக்கா போனை மேசையில் சாய்த்துவைத்து, அதில் தெரியும் உம்மாவோடு பேசிக்கொண்டே சாப்பிடுவாள். "ஓம் உம்மா, எல்லாரோடயும் இருந்துதான் சாப்பிடுறன்" என்று ஒருநாள் சொன்னாள். இவ்வளவு படித்தவள் இப்படிப் பச்சைப் பொய் சொல்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பூப்போட்ட பீங்கானில் எனக்கு ஆசை. ஒருநாள் கழுவிவைத்திருந்ததை எடுத்துச் சோறு போட்டுவிட்டேன். அம்மா பறித்தாள்.

"அதில நீ தின்னப்படாது. அது அவட பீங்கான்."

குசினி வாசலில் தண்ணீருக்கு வந்த அக்கா, வெறுங்குவளையோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் எனக்குத் தலை பின்னிவிடும்போது கேட்டாள்: "ஏன் தங்கச்சி, என்ட சாமான் மட்டும் தனியா வச்சிருக்கு?"

சொல்ல வேண்டும்போல் நாக்கு அரித்தது. "தெரியா" என்றேன்.

"உண்மையாத் தெரியாதா?"

"தெரியாக்கா."

பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டாள். வாயைத் திறக்காமல் சமாளித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

அடுத்த கிழமை விடுதியில் இடம் கிடைத்துவிட்டதென்று பெட்டியைக் கட்டினாள். சாப்பாடு நல்லாயிருந்தது என்று அம்மாவிடம் சொன்னாள். என் கன்னத்தைத் தொட்டு, "ஒருநாளாவது நீ என்னோட இருந்து சாப்பிட்டிருக்கலாம்" என்றாள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே என்று நினைத்தேன்.

"நான் என்ன குறை வச்சனான்?" என்று அம்மா அன்று முழுக்க அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா என்னிடம் கேட்டதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அதுவும் ரகசியத்தில் சேர்த்தி என்று நினைத்தேன்.

பூப்போட்ட பீங்கான் எனக்கே வந்தது. அன்றைக்கு அதில் சோறு வாங்கிக்கொண்டு, அக்காவைப் போலச் சாப்பிட்டுப் பார்க்க முன்னறைக்குப் போனேன். அவளுடைய கதிரையில் உட்கார்ந்தேன். குசினியில் அம்மாவும் அப்பாவும் கதைப்பது கேட்டது. என்ன கதைக்கிறார்கள் என்று விளங்கவில்லை. நாலு வாய்க்குமேல் இறங்கவில்லை. பீங்கானைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்து மிச்சத்தைத் தின்றேன்.

அக்காவும் இப்படி எழும்பி வந்திருக்கலாமே, யார் வேண்டாமென்றது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.