பேய்க்கு ஒரு 'வாங்கோ'

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மதியம். சாப்பிட்ட கை காய்வதற்குள் என் மனைவி ராஜி ஒரு பேயை வீட்டுக்கு அழைத்துவிட்டாள்.

வாய் நிறைய. மரியாதையோடு.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாம் நான் எழுதிய வசனங்களால் வந்த வினை. வசனங்கள் என்று பன்மையில் சொல்ல ஆசைதான்... எழுதியது இரண்டே வார்த்தை.

எங்கள் திருவனந்தபுரத்தில் சில இளைஞர்கள் ஒரு டி.வி. தொடர் எடுக்கிறார்கள். இன்டர்நெட்டில் ஜனங்கள் பேய்க் கதை எழுதிப் போடுகிறார்களே — 'இது என் சித்தப்பாவின் நண்பருக்கு உண்மையிலேயே நடந்தது' என்று ஆரம்பிக்குமே — அவற்றிலிருந்து பொறுக்கி, எபிசோடுக்கு ஒரு கதை, கதைக்கு ஒரு பேய். முன்பெல்லாம் பேய் பார்க்க யட்சி குடியிருக்கும் பாலை மரத்தடிக்குப் போகவேண்டும். இப்போது போனில் சிக்னல் இருந்தால் போதும்.

அதில் ஒரு கதை பொன்முடிப் பக்கத்து டீ எஸ்டேட்டில் நடக்கிறது. தேயிலை கிள்ளப் போய், மழையில் வழிதவறிச் செத்துப்போன தமிழ்ப் பெண் ஒருத்தி தினமும் பங்களாவின் பின்வாசலில் வந்து நிற்கிறாள். எல்லோரும் அலறி ஓடுகிறார்கள். கடைசியில் சமையல்காரி மட்டும் துணிந்து ஒரு கிளாஸ் சூடான டீ கொடுக்கிறாள். பேய் குடிக்கிறது. ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுகிறது. சுபம்.

எபிசோடு முழுக்க மலையாளம். அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தமிழ். அதற்குத்தான் நான். சென்னையிலிருந்து ஆளை வரவழைத்தால் ரயில் டிக்கெட் எடுக்கவேண்டும். நான் இருக்கும் வலியசாலையிலிருந்து என்றால் ஆட்டோ போதும்.

நானோ, பேய்ப் படத்தை சவுண்டை அணைத்துவிட்டுப் பார்க்கிற ரகம். அப்போதும் கால் இரண்டும் சோபாவின் மேல்தான் இருக்கும். மறுத்திருக்க வேண்டாமா? ஆனால் டைட்டிலில் பேர் வரும் என்றார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்: 'தமிழ் வசனம், நான்தான்!'

முதலில் எழுதி அனுப்பியது: "போயிட்டு வரேன், கேட்டேளா?"

தேயிலை கிள்ளுகிறவள் அக்ரகாரத்துத் தமிழ் பேசினால் அதைவிடப் பயங்கரம் வேறு உண்டா? அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவசரமாகத் திருத்தினேன்: "போயிட்டு வாரேன்."

டைரக்டர் ஜிதினிடமிருந்து போன் வந்தது. மலையாளிப் பையன். பாதி தமிழ், பாதி மலையாளம். இந்த ஊரில் என்னைப் போன்ற அக்ரகாரத்துக்காரர்கள் எல்லோருமே 'ஸ்வாமி'தான்.

"ஸ்வாமி, இதுக்குத் திரும்பி வரும்னு அல்லே அர்த்தம்?"

"வர மாட்டா ஜிதின். மரியாதைக்குச் சொல்றது. நீங்களும் 'போயிட்டு வராம்'னுதானே சொல்றேள்?"

"மனுஷர் பறயும் ஸ்வாமி. ப்ரேதம், அதான் பேய், பறஞ்ஞா செகண்ட் பார்ட் உண்டுன்னு ஆளுகள் நெனைக்கும்! 'போறேன்' போதும்."

"ஐயோ, 'போறேன்'னு சொல்லப்படாது. அபசகுனம்."

"மரிச்சுப் போன ஆளுக்கு இனி எந்து அபசகுனம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நியாயமான கேள்விக்கெல்லாம் மசிந்துவிட்டால் நான் என்ன எழுத்தாளன்? முறுக்கிக்கொண்டேன்.

ஜிதின் ஒரு வழி சொன்னான். எபிசோடைச் சில தமிழர்களுக்குப் போட்டுக் காட்டுவது. பேய் போய்விட்டது என்று அவர்களுக்குப் புரிந்தால் என் வசனம் இருக்கும். திரும்ப வரும் என்று பயந்தால்...

"பின்னே 'போறேன்'தான். ஸ்வாமியோட பேரும் போகும்!"

ஞாயிறு மதியம் அவனுடைய உதவி டைரக்டர் நிம்மி லாப்டாப்போடு வந்தாள். மதியம் என்று நேரம் குறித்தது நான். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்ததும் நானே. பார்வையாளர்கள் இரண்டு பேர் — ராஜி, எதிர்வீட்டு பார்வதி மாமி.

திரையில் பேய் வந்து நின்றது. நான் காலை மேலே தூக்கிக்கொண்டேன்.

"தலையைத் துவட்டாம நிக்கறதே, ஜலதோஷம் பிடிக்காதோ?" என்றாள் மாமி.

"டீக்கு சக்கரை போட்டாளா? நான் கவனிக்கலையே" என்றாள் ராஜி.

பேய் குடித்து முடித்தது. கிளாஸைப் படியில் வைத்தது. திரும்பிப் பார்த்தது.

"போயிட்டு வாரேன்."

"சரி, போய்ட்டு வாங்கோ" என்றாள் ராஜி.

தன்னை அறியாமல்தான். கேஸ் சிலிண்டர்காரரிலிருந்து என் தம்பி வரை எல்லோருக்கும் சொல்கிற அதே வார்த்தை, அதே ராகம். மாமியும் விடவில்லை. "பாத்துப் போம்மா. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரு."

சொல்லி முடித்த பிறகுதான் ராஜி என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்னா... நான் இப்ப என்ன சொன்னேன்?"

"வாங்கோன்னு சொன்னே."

"யாரை?"

லாப்டாப்பைக் காட்டினேன்.

"அய்யய்யோ! வரச் சொல்லிட்டேனா! உங்களுக்கு வேற வசனமே கிடைக்கலையா?"

மாமிக்கும் அப்போதுதான் உறைத்தது. "ஏண்டா, செத்த வீட்டுலேர்ந்து யாராவது போயிட்டு வரேன்னு சொல்லிண்டு கிளம்புவாளோ?"

"மாமி, அது துக்கம் கேட்க வந்தவாளுக்கு. இவ செத்தவளே. அந்த ரூல் இவளுக்குக் கிடையாது."

"ஓஹோ, பேய்க்குத் தனி ரூலா? போட்டது யாரு, நீயா?"

போச்சு. பேர் போச்சு. தெருவில் இனி எந்த முகத்தோடு நடப்பேன்?

நிம்மி அதற்குள் வாசலில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தாள். "சாரே, ப்ரேதத்தினோடு ராஜி சேச்சி 'வாங்கோ'ன்னு பறஞ்ஞு!" மறுமுனையில் பெரிய சிரிப்பு. பிறகு போன் உள்ளே வந்தது. கையை நீட்டினேன். என்னைத் தாண்டி ராஜியிடம் போனது.

ஜிதினுக்கு அந்தப் பதில் வேண்டுமாம். அந்தக் காட்சியில் சமையல்காரி முதுகைக் காட்டி நிற்கிறாள். டப்பிங்கில் சேர்த்துவிடலாம். குரல்? ராஜியேதான்!

ஸ்டுடியோவில் நான் கெஞ்சினேன். "எஸ்டேட் சமையல்காரி 'வாங்கோ'ன்னு சொல்ல மாட்டா ராஜி. அந்தக் 'கோ'வை மட்டும் விட்டுடு."

"பேயா இருந்தா என்ன? வாசல்ல வந்து நின்னவாளுக்கு அரை மரியாதையெல்லாம் எனக்கு வராது."

"அதுல கை வைக்கண்டா ஸ்வாமி" என்றான் ஜிதின், என்னைப் பார்த்து.

முதல் டேக்கே ஓகே. மைக் முன்னால் நின்றதும் ராஜியின் பேய்ப் பயம் போன இடம் தெரியவில்லை.

யோசித்தால், நாம் யாரையுமே முழுசாக அனுப்பிவைப்பதில்லை. வழியனுப்புகிற வார்த்தைக்குள்ளேயே வரவேற்பையும் வைத்துத் தைத்துவிட்டோம். இது பேய்களுக்குத் தெரிந்தால் ஒன்றுகூட இடத்தைக் காலி செய்யாது.

போன வாரம் எபிசோடு வந்தது. தெருவே எங்கள் ஹாலில். என் இரண்டு வார்த்தை பத்திரமாக இருந்தது. கடைசியில் டைட்டில் ஓடியது. 'தமிழ் வசனம்: ராஜி.' அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால் தெரிகிற எழுத்தில், 'உதவி:' என்று என் பேர்.

"என்னடா உதவி பண்ணினே?" என்றாள் மாமி. "டி.வி.யைப் போட்டுவிட்டியா?"

மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பினேன். "போயிட்டு வரேன்!"

பதில் இல்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது:

"ஏன்னா, நான் இப்பல்லாம் ஓசியில டயலாக் பேசறதில்லை!"